பச்சைக் கரி

1

எங்கள் கம்பெனி இந்த வருடமும் நன்றாக நடந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச்சொல்லி, கேக் வெட்டி, அதைச் சொன்னார்கள்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், எப்போதும் ஈரக்காற்று அடிக்கிற ஒரு துறைமுக ஊரில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இங்கே கோடை வந்தால் ஜனங்கள் வீட்டுக்குப் பின்புறம் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவார்கள். அதற்கான அடுப்புக்கரியை வெளிநாடுகளில் வாங்கி, பைகளில் அடைத்து, பெரிய கடைகளுக்கு விற்பது எங்கள் தொழில். நான் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. பெயர் சந்திரா. அங்கே எல்லோருக்கும் சாண்ட்ரா.

கொள்முதல் மேலாளர் கீத் திரையில் ஓர் உலகப் படத்தைப் போட்டார். போன வருடம் வரை அந்தப் படத்தில் நீளமான பச்சை அம்பு ஒன்று இருக்கும். தூத்துக்குடியில் கிளம்பி, செங்கடல் வழியாக வளைந்து, எங்கள் ஊர் வரை வரும். இந்த முறை அது இல்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குட்டி அம்புதான் இருந்தது. "நம்முடைய விநியோகச் சங்கிலி சுருங்கிவிட்டது. நாம் வெளியிடும் புகையும் சுருங்கிவிட்டது. லாபம் மட்டும் சுருங்கவில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இல்லாமல் போன அந்த அம்பின் மறுமுனையில், சாயல்குடிக்குப் பக்கத்தில், என் அண்ணன் முனியசாமி இருக்கிறார். பசுமை, சுற்றுச்சூழல் என்ற பேச்செல்லாம் இப்போது நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். வரட்டும். அது எங்கள் வீட்டுக்கு வந்து போன விதத்தை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

2

சீமைக்கருவேலைப் பற்றி ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்து, நாங்கள் கஞ்சிக்கு அலைந்த காலத்தில், எங்கள் அப்பா, அய்யா என்றுதான் கூப்பிடுவோம், அந்த மரத்தை வேலியோரம் வளரவிட்டார். அப்போது அதை எல்லோரும் நல்ல மரம் என்றுதான் சொன்னார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காவல் காக்க வேண்டாம், அடுப்புக்கு விறகாகும். அய்யா சந்தோஷப்பட்டார். அவர் சாவதற்குள் அது வேலியைத் தாண்டிப் புஞ்சைக்குள் வந்துவிட்டது.

அண்ணனின் இளவயது முழுக்க அந்த மரத்தோடு போட்ட சண்டையில் கழிந்தது. மேலே வெட்டினால் அடியில் துளிர்க்கும். ஆடு நெற்றைத் தின்றுவிட்டு எங்கே புழுக்கை போடுகிறதோ அங்கே முளைக்கும். எங்கள் நிலத்தில் பெரும்பகுதி அப்படித்தான் கையை விட்டுப் போனது. கிணற்றைச் சுற்றிய புஞ்சையை மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் முண்டு மிளகாய் போடுவார். காய் பழுக்கும் பருவத்தில் மதினி பஞ்சவர்ணம் இருட்டுக் கலையும் முன்பே கூடையோடு இறங்கிவிடுவார்.

நான் கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அண்ணன் போன் பண்ணினால் முதலில் அந்த மரத்தைத்தான் திட்டுவார். மழை, மகசூல், சாவு, சடங்கு எல்லாம் அதற்குப் பிறகு.

3

எங்கள் கம்பெனி முன்பெல்லாம் எங்கிருந்து கரி வருகிறது என்று யோசித்ததில்லை. விலை சரியாக இருந்தால் வாங்கும். ஒரு நாள் ஒரு பத்திரிகையில், இந்த நாட்டு அடுப்புக்கரிக்காக எங்கெங்கோ மழைக்காடுகள் அழிகின்றன என்று படங்களோடு செய்தி வந்தது. பைகளைக் கடைக்காரர்கள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள். கிடங்கில் ஆள் குறைத்தார்கள். எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தது நான்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் கீத் பசுமை வழிக்கு மாறினார். பிளாஸ்டிக் பை போய்க் காகிதப் பை வந்தது. பாதி நிரம்பிய கப்பல் பெட்டிகள் வருவது நின்றது. மரம் எங்கே வெட்டப்பட்டது என்று காட்டாதவரிடம் வாங்குவதில்லை என்று முடிவானது. முதல் வருடம் இதெல்லாம் செலவாகவே தெரிந்தது. முதலாளிகள் முகம் சுளித்தார்கள். கீத் பிடிவாதமாக நின்றார். பிறகு கடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போன ஆட்களில் சிலர் வேலைக்குத் திரும்பினார்கள். பசுமைக்கும் லாபத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வேலை அதனால்தான் தங்கியது.

ஒரு காலையில் கீத் என் மேஜைக்கு வந்து, "ராம்நாத் என்பது உன் ஊர்தானே?" என்றார். தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஒருவர், நிலத்தடி நீரை உறிஞ்சுகிற ஒரு களை மரத்தை எரித்த கரி என்று மாதிரி அனுப்பியிருந்தார். காட்டை அழிக்காத கரி. நிலத்தை மீட்கிற கரி. கீத் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த இரண்டு வருடங்கள் நல்ல வருடங்கள். அந்த ஏற்றுமதியாளருக்காக அண்ணன் கரிமூட்டம் போட ஆரம்பித்தார். விறகை வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி, உள்ளே நெருப்பு வைத்து நாட்கணக்கில் புகைய விடுவது. ஊரில் பத்துக் குடும்பம் அவரோடு சேர்ந்தது. மரம் போன இடத்தில் பொக்லைன் விட்டு வேரையும் பிடுங்கினார். மிளகாய்ப் புஞ்சையை ஒட்டிப் பல வருடமாக முள் மூடிக் கிடந்த இடம் திறந்தது. "ஏத்தா, அய்யா காலத்து வரப்பு தெரியுதுத்தா" என்று போனில் கத்தினார்.

இங்கே என் மகள் கயல் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் கரியும் கறியும் ஒன்றுதான். "மாமா கறி விக்கிறார்" என்று தோழிகளிடம் சொல்ல, அவர்கள் மாமா இந்தியாவில் ஹோட்டல் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

4

பிறகு தணிக்கை வந்தது. எங்கள் கரியை அதிகம் வாங்குகிற கடைக்காரர்கள், சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை போய்ப் பார்த்து, காட்டை அழிக்காத கரி என்று சான்று வாங்கி வந்தால்தான் தொடர்ந்து வாங்குவோம் என்றார்கள். தணிக்கைக்கு ஒரு பெண்மணியை அனுப்பினார்கள். கீத்தும் போனார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப் போனார்கள்.

அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி நின்றார். மதினி எல்லோருக்கும் நுங்கு வெட்டி வைத்திருந்தார். தணிக்கைப் பெண்மணி நல்லவர். வெயிலில் முகம் சிவந்து போனாலும் நிழல் கேட்காமல் மூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார். "வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் பதிலாக எத்தனை நடுகிறீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் என்னையே பார்த்தார்.

"ஏத்தா, ஒனக்குச் சரியா வெளங்குச்சா?"

"அப்பிடித்தாண்ணே கேக்குறாங்க."

"கருவையவா?"

"ஆமாண்ணே."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடித்தார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இத ஆரும் நட வேணாம்னு சொல்லு. தன்னால வரும். வராம இருக்கத்தேன் இந்தப் பாடு படுறோம். இங்கன பாக்கச் சொல்லு, இம்புட்டு எடத்துலயும் வேரோட புடுங்கிட்டேன். இந்த ஐப்பசிக்கு இதுலயும் மெளகா போடப் போறேன்."

பெருமையாகக் கையை வீசிக் காட்டினார். நானும் பெருமையாக மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி திறந்து கிடந்த மண்ணைப் படம் எடுத்தார். பிறகு குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அன்று மாலை ராமேஸ்வரத்தில் அறை போட்டிருந்தார்கள். உச்சிப்புளி தாண்டும்போது காரில் கீத் சொன்னார். மரம் இருந்த இடத்தில் மரம் இல்லாமல் போனால், சான்று கொடுப்பவர்களின் விதிப்படி அது காடழிப்பு. களை மரம், நல்ல மரம் என்ற பிரிவு அவர்களிடம் இல்லை. பிடுங்கிய இடத்தில் திரும்ப மரம் வந்தால்தான் சான்று கிடைக்கும்.

"இது முட்டாள்தனம் இல்லையா கீத்?" என்றேன்.

"ஒருவகையில் ஆமாம்" என்றார். "ஆனால் இன்னொன்றையும் யோசி சாண்ட்ரா. உன் அண்ணன் எல்லாவற்றையும் பிடுங்கி முடித்துவிட்டால், அதற்கப்புறம் நான் கரிக்கு எங்கே போவேன்?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குத் தெரிந்த மனிதர். நான் காருக்கு வெளியே பார்த்தேன். சாலையின் இரண்டு பக்கமும் கருவேல்தான்.

5

ஏற்றுமதியாளருக்காக ஊரில் கரி எடுக்கும் சாயல்குடி கமிஷன்காரர் இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். தணிக்கை செய்த நிலம் அண்ணனுடையது. அங்கே மரம் திரும்ப முளைத்தால்தான் சான்று. சான்று இல்லையென்றால் அந்த ஊரில் யாரிடமும் கரி எடுக்க மாட்டார்கள்.

அண்ணன் எனக்குப் போன் பண்ணினார்.

"நீ என்னத்தா சொல்ற?"

"வேணாம்ணே. கரிய விட்ருங்க. மெளகாயவே போடுங்க."

"நான் விட்ருவேன். மூட்டம் போடுற பத்துக் குடும்பமும் வாசல்ல வந்து நிக்குதுல்ல. ரெண்டு வருசமா மழையும் இல்ல. அதுகள என்ன செய்யச் சொல்ற?"

"மதினி என்ன சொல்லுது?"

"அவ என்ட்ட பேசுறதில்ல."

அந்த ஐப்பசியில் அண்ணன் மிளகாய் போடவில்லை. கருவேல் நெற்றை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஆடுகளுக்குப் போட்டு, இரவில் அவற்றைப் புஞ்சையிலேயே அடைத்துக் கிடை மறித்தார். கொஞ்சம் மழை பெய்தது. புழுக்கையிலிருந்து முளைத்துவிட்டது. கிணற்றைச் சுற்றிய இடத்தை மட்டுமாவது ஒதுக்கப் பார்த்திருக்கிறார். ஆட்டுக்கு எல்லை தெரியுமா? அடுத்த மழைக்கு அதுவும் போயிற்று. பிடுங்கலாம் என்றால் பிடுங்கக் கூடாது என்பது ஒப்பந்தம். முழங்கால் உயரத்துக்கு மேலே வெட்டி, கீழே துளிர்க்க விட வேண்டும்.

சான்று வந்தது. எங்கள் பைகளில் ஒரு பச்சை இலைச் சின்னம் ஏறியது. விற்பனை கூடிக்கொண்டே போனது. வர்த்தகக் கண்காட்சி ஒன்றில் எங்களுக்குப் பரிசு கிடைத்தது. அந்த மேடைக்கு அண்ணனைக் கூட்டிவர கீத் ஆசைப்பட்டார்.

விசாவுக்காக அண்ணன் இரண்டு முறை சென்னைக்குப் போனார். ஊரில் அவருக்கு நிலம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பட்டா இன்னும் அய்யா பெயரில் இருந்தது. பெயர் மாற்ற தாலுகா அலுவலகத்தில், வாரிசுச் சான்று கொண்டுவா, அய்யாவின் இறப்புச் சான்றில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது, அதைத் திருத்திக்கொண்டு வா என்று அலையவிட்டார்கள். கடைசியில் விசா கிடைக்கவில்லை. அவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லையாம்.

"கருவைய வெதச்சு வச்சுட்டு, அங்க வந்து ஒக்காந்துக்குவேன்னு நெனைச்சானாக்கும்" என்றார் அண்ணன். குரலில் சிரிப்பு இருந்தது. நான்தான் போனை வைத்த பிறகு வெகுநேரம் சமையலறையில் நின்றேன்.

கண்காட்சியில் அவருடைய புகைப்படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்று பலர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

6

முள் குத்தியது மிளகாய்ப் புஞ்சையில்தான். செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. கருவேல் முள் குத்தினால் உள்ளே ஒடிந்து சீழ் வைக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அது கம்பெனி கரி வாங்குகிற பருவம். கப்பல் தேதி சொல்லிவிட்டார்கள். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மூட்டத்துக்குப் போனார். தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்கு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதற்குள் கால் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

விடுப்பு கேட்டபோது கீத் உடனே கொடுத்தார். கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அதை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தேன். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மனுசங்கத்தா" என்றார். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அண்ணன் வரப்பில் உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்கினார். ஒரு வருடம் அப்படிப் போயிற்று.

7

அந்தக் குட்டி அம்பைப் பற்றி கீத் எனக்குத்தான் முதலில் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். இப்போது கடைக்காரர்கள் மரத்தை மட்டும் பார்ப்பதில்லை, சரக்கு வருகிற தூரத்தையும் பார்க்கிறார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து கப்பலில் வந்தால் பச்சை இலைச் சின்னம் தங்காது. பக்கத்து நாடுகளில் வளர்த்து வெட்டுகிற காடுகள் இருக்கின்றன. செலவும் குறைவு. "உன் அண்ணனிடம் நீ சொல்கிறாயா, கமிஷன்காரர் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

கயல் அப்போது பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். கம்பெனி செய்தது சரி, இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்றாள்.

"ஒங்க மாமாவோட புஞ்சை?"

"அம்மா, அது ஒரு நிலம். நான் பூமியைப் பற்றிச் சொல்கிறேன்."

"மாமாவோட காலு?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் தான் சொன்னது தப்பு என்று அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது தப்பு என்று எனக்கும் நிரூபிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் விட்ட விஷயங்கள் இப்படி நிறையச் சேர்ந்துவிட்டன.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப இனி புடுங்கலாம்ல? புடுங்குனா ஆரும் கேக்க மாட்டாகல்ல?" என்றார்.

8

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பொக்லைன் வைக்க இப்போது வழியில்லை. கரி வாங்க ஆள் இல்லாததால் அந்தப் பத்துக் குடும்பத்தில் பாதி திருப்பூருக்குப் போய்விட்டது. மீதிப்பேர் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு, "வாத்தா, கெணத்தப் பாத்துட்டு வருவோம்" என்றார். மதினி வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். போனோம். புஞ்சையின் ஓரம் வரைதான் போக முடிந்தது. அதற்கு மேல் ஆள் உயரத்துக்கு முள் பின்னிக் கிடந்தது. உள்ளே நாய்கூட நுழைய முடியாது. அண்ணன் கட்டையால் ஒரு கிளையைத் தள்ளிப் பார்த்தார். அது திரும்ப வந்து அடித்தது.

"அங்கனதான் இருக்கு" என்றார். கூப்பிடு தூரம்கூட இல்லை. பட்டா ஒருவழியாக அவர் பெயருக்கு மாறிவிட்டது. கிணறு அவருடையது, நிலம் அவருடையது. போக முடியவில்லை.

அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அய்யா செத்தபோதும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் அழவில்லை, ஆனால் வரப்பில் உட்கார்ந்தவரை எழுப்ப முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலேயே மதினி வந்தார். கையில் அரிவாள் இருந்தது. எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓரத்துக் கிளையைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து போய், வெட்டிப் போட்டதை இழுத்து வெளியே போட்டேன். நான் கிளம்பும்வரை தினமும் அதுதான் வேலை. இங்கே வந்து இறங்கியபோது கையெல்லாம் கீறல். தோட்ட வேலையா என்று கீத் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்து மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது என் போன் அடித்தது. மதினி. அவராக எனக்குப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை.

"சந்திரா, கெணத்துக்குப் போயிட்டேன்."

"மதினி! அண்ணன் பாத்தாரா?"

"தோள்ல கை போட வச்சுக் கூட்டிட்டுப் போனேன். பாத்தாரு."

"தண்ணி கெடக்கா?"

"கல்லத் தூக்கிப் போட்டேன். மண்ணுல விழுந்த சத்தந்தேன் வந்துச்சு."

பக்கத்து மேஜைக்காரி கேக் துண்டு ஒன்றை எனக்காகத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

"அண்ணன் எங்க மதினி?"

"இங்கனதான், கெணத்தடியில ஒக்காந்திருக்காரு. எந்திரிக்க மாட்டேங்காரு. இருக்கட்டும்." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "வெயிலு தாந்துருச்சு. நான் போன வைக்கிறேன். இருட்டுறதுக்குள்ள கெழக்கு வரப்பு வரைக்கும் வெட்டணும்."